சின்னதாகப் போட்ட தீ

அந்தப் பக்கத்துத் தெருக்களில் அவளுக்குக் 'கொதிச்சுதாக்கா' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வழி கேட்டால் பால் போடுகிறவருக்குக்கூட வீடு தெரியாது. ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து பயறு வேகும் வாசனை வந்தால் போதும், நடந்துகொண்டிருப்பவள் நின்றுவிடுவாள். உள்ளே இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "நல்லா கொதிச்சுதா?" என்று கேட்பாள். சிலர் சிரிப்பார்கள், சிலர் ஜன்னலைச் சாத்துவார்கள். மறை கழன்ற கேஸ் என்று முடிவுகட்டிவிட்ட வீடுகளும் உண்டு. அவர்களுக்கு நடந்தது தெரியாது. தெரிந்தால் அவர்களும் எழுந்துபோய் ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பார்கள்.

பயம் அவளுக்குப் புதிதல்ல, கூடப் பிறந்தது. நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். எல்லாவற்றுக்கும் மேலே தீ. சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஸ்டவ் வெடித்ததைப் பார்த்தவள். அந்த வீட்டு அம்மா பிழைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த இவள்தான் தேறவில்லை. கல்யாணமாகி வந்த பிறகும் அடுப்பைப் பற்ற வைக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவாள். பற்றியதும் திருகியைக் கடைசிவரை குறைத்துவிடுவாள். லாரி ஓட்டும் அவள் வீட்டுக்காரர், "நம்ம வீட்டுச் சோறு அவசரப்படாது, சாயங்காலத்துக்குள்ள வெந்துடும்" என்பார். கடைசியில் அவருடைய தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தள்ளு அண்ணி. நீ போய் அடுப்பைப் படமா வரை. நிஜ அடுப்பை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து சமையலறை நாத்தனாரின் ராஜ்ஜியம். வீட்டில் சமைத்த கை வெளியிலும் சமைக்கப் போனது. இரண்டு தெரு தள்ளியிருந்த குழந்தைகள் காப்பகத்தில் அவள்தான் சமையல்காரி. இவளுடைய ஒரே மகள் குட்டியும் அங்கேதான் பகல் முழுவதும் இருந்தாள். அத்தை கையால் சாப்பிடுகிறாள் என்பது ஒன்றுதான் இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு இருந்த நிம்மதி.

அடுப்பைப் படமாக வரை என்று நாத்தனார் சொன்னது கிண்டல் மட்டுமல்ல, இவளுடைய வேலையே அதுதான். சுகாதாரப் பயிற்சி அலுவலகத்தின் பின்பக்க அறையில் ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை. மேசைமேல் தண்ணீர்க் குவளை, தூரிகைகள், பாதி கடித்த ஆப்பிள். ஆப்பிள் அவள் சாப்பிட அல்ல, பார்த்து வரைய. எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று சுவரில் மாட்டிக் காட்டுகிற படங்களை அவள் போட்டாள். படத்தில் எழுத்தே இருக்காது. அந்த ஊர் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்குப் பாஷை பலவிதம், படிக்கத் தெரியாதவர்களும் நிறைய. ஆகவே எல்லாவற்றையும் படமே சொல்லிவிட வேண்டும்.

அது லேசுப்பட்ட காரியமில்லை. தக்காளியில் மினுமினுப்பு கொஞ்சம் கூடினால் பிளாஸ்டிக் என்று நினைத்துவிடுவார்கள். மீனுக்குக் கண்ணைப் பெரிதாக வைத்தால் குழந்தைகள் அழும். தட்டில் பாதிக்குக் காய் என்றால் பாதிக்குக் காய்தான், அழகுக்காக ஒரு கீரையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டால்கூட, "தட்டு நிறைஞ்சு வழியணுமாம்மா?" என்று கேட்பார்கள். இதெல்லாம் பட்டுப் பட்டு அவள் கற்றுக்கொண்டது. அவள் வரைந்த பூசணித் துண்டைப் பார்த்துவிட்டு அதையே வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்படிக் கேள்விப்படும் நாட்களில் மட்டும் அவள் நடையில் கொஞ்சம் தைரியம் தெரியும்.

ஒரு நாள் சத்துணவு மேடம் புதுப் படத்துக்கான யோசனையோடு வந்தார். உடம்புக்கும் நல்லதாக இருக்க வேண்டும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, அப்படிச் சாப்பிடச் சொல்லித்தரும் படம். இறைச்சி கொஞ்சம், பயறு நிறைய. தூரத்திலிருந்து வருவதைவிடப் பக்கத்தில் விளைந்தது. மிச்சம் வைக்காத தட்டு. கீழே ஒரு வரிசையில், எரிபொருளை மிச்சம் பிடித்துப் பயறு சமைக்கும் முறை.

"ராஜ்மா தெரியுமில்ல? அந்தப் பெரிய சிவப்புப் பயறு. அதை ஊற வெச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணியில தளதளன்னு கொதிக்க விடணும். அப்புறம் பாத்திரத்தோட தூக்கி, பழைய கம்பளி அடைச்ச பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டா அந்தச் சூட்டுலயே மீதி வெந்துடும். கேஸ் மிச்சம்" என்றார் மேடம்.

"கட்டாயம் கொதிக்கணுமா மேடம்?"

"பின்னே? அந்தப் பயறு அரைகுறையா சூடானா விஷம் மாதிரி. குடலைப் புரட்டிடும்."

அவள் தலையாட்டினாள். கேட்டாள், புரிந்துகொண்டாள், மறக்கவும் இல்லை. அப்படியிருந்தும் அடுப்புப் படத்துக்கு வந்தபோது கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. பாத்திரத்தின் அடியில் ஒரு தீ. நீலமும் மஞ்சளுமாகச் சின்னதாக, அடக்க ஒடுக்கமாக. பாத்திரத்தின்மேல் மூடி. மூடியின் ஓரத்தில் ஒரே ஒரு கோடு ஆவி. பெரிய தீயை வரைய அவளால் முடியாது. குழந்தைகள் பார்க்கிற படமாயிற்றே, பெரிய தீயைப் பார்த்து அடுப்போடு விளையாடிவிட்டால்? தனக்குத்தானே அப்படி ஒரு நியாயமும் வைத்திருந்தாள்.

யாருக்கும் அது கண்ணில் படவில்லை. மேடத்துக்கு விஷயம் தெரியும், அதனால் சின்னத் தீயைப் பார்த்தாலும் அவர் மனதில் பயறு தளதளவென்று கொதித்தது. அச்சடிக்கும் முன் வழக்கம்போல மருத்துவமனை வரிசையில் நின்றவர்களிடம் படத்தைக் காட்டி, "இதுல என்ன பண்றாங்க?" என்று கேட்டார்கள். "அடுப்புல வெச்சிருக்காங்க" என்றார்கள் அவர்கள். சரியான பதில். எவ்வளவு தீ என்று கேட்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படம் அச்சாகி, கண்ணாடித் தாள் ஒட்டி, ஊர் முழுக்கச் சுவரேறியது. காப்பகத்துக்கு ஒன்றை அவளே பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாத்தனார் அதைச் சாப்பாட்டு அறையில் மாட்டி, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "எங்க அண்ணி போட்டது" என்று சொல்லித் தீர்த்தாள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலையில் தலைவாரிக்கொண்டே நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, இன்னைக்குக் காப்பகத்துல உன் படம்தான் சாப்பாடு. அந்தச் சிவப்புப் பயறு. நேத்து சாயங்காலமே பெட்டிக்குள்ள வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஐ! அம்மா படம்!" என்று குட்டி குதித்தாள். அம்மாவுக்கும் உள்ளுக்குள் ஒரு குதி. அதை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மதியம் ஆகப்போகும் நேரத்தில் மேசைப் போன் அடித்தது. சத்துணவு மேடம் பேசினார். குரல் சரியில்லை.

"பயப்படாதீங்க. முதியோர் விடுதி ஒண்ணுல நேத்து நிறைய பேருக்கு ஒரே வாந்தி. ஒரு பெரியவருக்கு ரொம்ப முடியாம இருக்கு. சிவப்புப் பயறு சாப்பிட்டிருக்காங்க. கொதிக்கவே விடலையாம், லேசா சூடு பண்ணிப் பெட்டியில வெச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா, சுவத்துல இருக்கிற நம்ம படத்தைக் காட்டறாங்க. நீங்க ஒரு தடவை அந்தப் படத்தைப் பாருங்களேன்."

பயப்படாதே என்று அவளிடம் சொன்னால் அதைவிட அவளைப் பயமுறுத்த வேறு வழி கிடையாது. நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற படம்தான். இத்தனை நாள் அழகாகத் தெரிந்த அந்தச் சின்னத் தீ இப்போது அவளைத் திரும்பிப் பார்த்தது. லேசாகச் சூடு பண்ணு என்றுதான் அது சொன்னது. வேறு எப்படியும் அதைப் படிக்க முடியாது. அடுத்த நொடியே காலையில் நாத்தனார் சொன்னது மண்டையில் உறைத்தது.

காப்பகத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தைகள் சாப்பிடும் நேரத்தில் அங்கே யாரும் போன் எடுக்க மாட்டார்கள், அது பொறுப்பாளர் அம்மா போட்ட சட்டம். நாத்தனாரின் கைபேசி பைக்குள் எங்கேயோ கிடந்து கத்திக்கொண்டிருக்கும். சாப்பிடும் நேரம் என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கை கால் ஓடவில்லை. பிறகு ஒரேயடியாக ஓடின.

வாசலில் அச்சகத்துக்காரர் தன் பைக்கிலிருந்து தாள்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் பைக்கில் ஏறாதவள் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போகணும்?"

"காப்பகம். வேகமாப் போங்க. சீக்கிரம், சீக்கிரம்!"

அவர் பயந்துபோய் வண்டியை முறுக்கினார். திருப்பங்களில் வண்டி சாய்ந்தபோது அவளுக்கு அது தெரியவே இல்லை. ஒரு சின்னக் கிண்ணமும், அதில் கரண்டி விழுகிற சத்தமும்தான் அவள் மனதில் இருந்தன. குட்டிக்குப் பசி தாங்காது. முதல் மேசையில்தான் உட்காருவாள். பரிமாறுவது முதல் மேசையிலிருந்துதான் தொடங்கும். தெரிந்த ஒவ்வொரு விஷயமும் அவளுக்கு எதிராகவே நின்றது. கடவுளே, இன்றைக்கு மட்டும் சாப்பாடு தாமதமாகட்டும், அடுப்பு அணைந்து போகட்டும், பாத்திரம் கவிழட்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டாள்.

எதுவும் கவிழவில்லை. சாப்பாட்டு அறையில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. குட்டை மேசைகள், கலர் கலராகக் கிண்ணங்கள், சுவரில் அவள் படம். முதல் மேசைக் குழந்தைகளின் வாயில் சிவப்பாக ஈஷியிருந்தது. நாத்தனார் இரண்டாவது மேசைக்குக் கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் குட்டி, வழித்துத் துடைத்த கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபடி, "அத்தை, இன்னும் கொஞ்சம்" என்று நின்றாள்.

அவள் கத்தினாள். வீட்டில்கூட உரக்கப் பேசாதவளின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. "சாப்பிடாதீங்க! துப்புங்க! எல்லாத்தையும் துப்புங்க!" நாத்தனார் கையிலிருந்த கரண்டியைத் தட்டிவிட்டாள், இரண்டாவது மேசைக் கிண்ணங்களை இரண்டு கையாலும் வாரிக் கீழே தள்ளினாள். குழந்தைகள் வீறிட்டு அழுதார்கள். பொறுப்பாளர் அம்மா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? பைத்தியமா?"

"இதைக் கொதிக்க வெச்சியா?" அவள் நாத்தனாரிடம்தான் கேட்டாள்.

நாத்தனார் திரும்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். "இல்லையே அண்ணி... உன் படத்துல இருக்கிற மாதிரிதான். சின்னத் தீயில லேசா சூடு பண்ணி, பெட்டியில வெச்சு, இப்பவும் லேசாத்தான்... மெத்துன்னுதானே இருக்கு? மத்த பயறுன்னா நானே என் இஷ்டத்துக்கு வேக வெப்பேன். இது புதுசு. அதான் அப்படியே படத்தைப் பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

எல்லாவற்றுக்கும் தன் புத்தியை மட்டுமே நம்புகிறவள், இந்த ஒன்றில் மட்டும் அண்ணியை நம்பியிருக்கிறாள்.

முதல் மேசைக் குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்தது என்னவென்றால், ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் கொடுமை. குழந்தைகள் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு விளையாடினார்கள். டாக்டர், "அந்தப் பயறு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். வாந்தி வந்தா வரட்டும், உடம்புல தண்ணி குறையாம பாத்துக்கணும். பொதுவா பொழைச்சுக்குவாங்க" என்றார். அந்தப் 'பொதுவா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மனம் மேலும் கீழும் அலைந்தது. பொதுவாக என்றால் எல்லோரும் இல்லையே. அந்த இல்லாத ஒருவர் யார்?

குட்டி அவள் மடியில் உட்கார்ந்து சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், தான் எப்படி எல்லோருக்கும் முன்னால் முடித்தாள் என்று. ஒவ்வொரு வார்த்தையும் ஊசியாக இறங்கியது. பேச்சு நடுவில் நின்றது. "அம்மா, வயிறு என்னவோ பண்ணுது" என்றாள் குட்டி. அப்புறம் அந்தச் சின்ன உடம்பு மடங்கி மடங்கி எடுத்த வாந்தியை அவள் கையில் ஏந்தினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை, அடுத்த கட்டிலில் இன்னொன்று. எல்லாம் இவள் போட்ட படம். இது அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார், ஆனால் குட்டியின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. கண் சொருகியபோது, "என்னைப் பாரு, அம்மாவைப் பாரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பயத்துக்கு முன்னால் நாயும் லிஃப்டும் ஸ்டவ்வும் வெறும் விளையாட்டு.

வெளி வராந்தாவில் பொறுப்பாளர் அம்மா நாத்தனாரை நிற்கவைத்து வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். "என்ன பண்ணித் தொலைச்சே? பச்சைப் புள்ளைங்க! எவ்வளவு நாளா சமைக்கிறே, ஒரு பயறை வேக வெக்கத் தெரியாதா?" நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பாயிடுச்சும்மா, தப்பாயிடுச்சு" என்றாள். படம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

வாந்தி படிந்த சேலையோடு இவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். "அவ மேல தப்பு இல்ல. படம்தான் தப்பு. அதைப் போட்டவ நான். ஊர் முழுக்க அந்தப் படம் தொங்குது, முதல்ல அதையெல்லாம் கழட்டச் சொல்லுங்க" என்றாள்.

பொறுப்பாளர் அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். நாத்தனாரை அவள் ஓரமாக இழுத்தாள்.

"ஏண்டி, நீ ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவியேன்னுதான் அண்ணி."

இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பொழுது சாயும்போது குட்டியின் உதட்டில் நிறம் திரும்பியது. தண்ணீர் கேட்டாள், குடித்தாள், அது உள்ளேயே நின்றது. மற்ற குழந்தைகளும் ஒவ்வொருவராகத் தேறினார்கள். முதியோர் விடுதிப் பெரியவரும் சில நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சத்துணவு மேடம் தானும் பார்க்கத் தவறியதாக மேலே எழுதிப் போட்டார். புதுப் படம் அச்சாகி வரும்வரை பழையதை எடுத்துவிடச் சொல்லி எல்லா இடத்துக்கும் சொல்லியனுப்பினார்கள். ஊர் வழக்கப்படி பாதிப் பேர் எடுத்தார்கள், பாதிப் பேர் எடுப்பதாகச் சொன்னார்கள்.

அவளுக்கு அது போதவில்லை. சிவப்புப் பெயிண்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு சுவர் சுவராக அவளே போனாள். போவதற்கு முன் நாத்தனார் வீட்டு அடுப்பை முழுசாகத் திருகிவிட்டு, "பாரு. பாத்துட்டு வரை. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன்" என்றாள். பாத்திரத்தின் விலாவை நக்கிக்கொண்டு தீ எழும்பியது. உள்ளே பயறு குதித்தது. அவள் முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள். பள்ளிக்கூடம், மருந்தகம், தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடம் என்று படம் தொங்கிய இடமெல்லாம் போய் அந்தச் சின்னத் தீயின்மேல் பெரிய தீயைப் பூசினாள். மூடியை அழித்துத் தளதளவென்று குமிழிகள் போட்டாள். படத்தின் அழகு போயே போய்விட்டது. போகட்டும் என்றாள்.

கடைசியாக மருத்துவமனையில் பிரசவத்துக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் கூடம். அங்கே படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

"அந்தப் படமா? பழசை எடுத்துடச் சொன்னாங்கல்ல, எடுத்துட்டேன்" என்றார் அங்கே தரை துடைக்கிறவர்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"ஒரு அம்மா கேட்டாங்க. கையில குழந்தை. படம் அழகா இருக்கு, வீட்டுல மாட்டிக்கறேன்னாங்க. தூக்கிப் போடறதுதானேன்னு குடுத்துட்டேன்."

"எந்தத் தெரு? எந்தப் பக்கம் போனாங்க?"

"அதையெல்லாம் நான் எங்கம்மா கேட்டேன்?"

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த ஜன்னல் ஜன்னலாக நிற்கிற வேலை. அந்தப் பெண்ணைத் தேடிக் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள், துண்டுச் சீட்டு அடித்து ஒட்டிப் பார்த்தாள். அது எழுத்து. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ. தெரிந்தது படம் ஒன்றுதான் என்றால்? எங்கேயோ ஒரு சமையலறையில், சுவரில் அந்தச் சின்னத் தீ இருக்கிறது. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தது இந்நேரம் பயறு சாப்பிடுகிற வயதுக்கு வந்திருக்கும். அதை நினைத்தால் அவளுக்குத் தட்டில் கை போகாது. "போதும் விடு அண்ணி, அது எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும்" என்பாள் நாத்தனார். போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.

சென்ற வாரம் குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். குட்டி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள், அம்மா ஜன்னலில் நிற்கும்போது தோழிகள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிற வயது. முனை வீட்டு ஜன்னலிலிருந்து வாசனை வந்தது. அவள் நின்றாள்.

"நல்லா கொதிச்சுதா?"

உள்ளேயிருந்த பெண் சிரித்தாள். "கொதிச்சுது, கொதிச்சுது. தளதளன்னு கொதிச்சுது. நீங்க போங்கக்கா."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவள் மறுபடி நின்றாள். "குட்டி, அந்தச் சமையல்கட்டுச் சுவர்ல ஏதாவது படம் மாட்டியிருந்துதா? நான் சரியாப் பாக்கல."

"காலண்டர்தாம்மா மாட்டியிருந்துது" என்றாள் குட்டி, யோசிக்காமலே. "நீ கேக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். எதிர் வீட்லயும் பாத்துட்டேன், அங்கயும் இல்ல. நான் ஸ்கூலுக்குப் போற வழியில எல்லா வீட்லயும் பாப்பேன்."

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சின்னக் கண்கள் அடுத்த ஜன்னலுக்குப் போயிருந்தன. அவள் குட்டியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் அவளுக்குப் பயமாக இருந்தது.